முதல் வரியில் எந்தக் கல்லூரி?

“மதுரையை மேலே போட்டு, அது கிடைக்காமப் போனா திண்டுக்கல்லும் கைவிட்டுப் போயிருமா சார்?”

எம்.பி.பி.எஸ். கலந்தாய்வு நெருங்கும் நாட்களில் திண்டுக்கல், வேடசந்தூர், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை என எந்த ஊர் பிரவுசிங் சென்டரிலும் கேட்கக்கூடிய கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் அப்பா. பதில் சொல்ல வேண்டியவர் கீபோர்டில் தட்டிக்கொண்டிருக்கும் இளைஞர். நேற்று வரை பட்டா, சிட்டாவுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர். அவருக்கும் விவரம் தெரியாது. “எதுக்கு ரிஸ்க்? திண்டுக்கல்லையே ஃபர்ஸ்ட் போட்டுருவோம்” என்கிறார். அப்பாவும் தலையாட்டுகிறார்.

சரியான பதில் ஒரே சொல்: போகாது. விருப்பப் பட்டியலில் மதுரையை மேலே எழுதியதற்காகத் திண்டுக்கல் இடம் ஒருபோதும் பறிபோகாது. இதை உறுதியாகச் சொல்ல ஆள் இல்லாததால், தன் பிள்ளைக்குக் கிடைத்திருக்கக்கூடிய கல்லூரியை, தரவரிசையில் பின்னால் நிற்கும் இன்னொரு மாணவருக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறது ஒரு குடும்பம். விட்டுக்கொடுத்தோம் என்ற விஷயம்கூட அந்தக் குடும்பத்துக்குத் தெரியவருவதில்லை. கிடைத்ததே போதும் என்று இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

நீட் தேர்வுக்காக இரண்டு வருடம், சிலர் மூன்று வருடம் படிக்கிறார்கள். 180 கேள்வி, 720 மதிப்பெண். ஒரு தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும் என்பதற்காக மாதக்கணக்கில் மாதிரித் தேர்வு எழுதுகிறார்கள். கோச்சிங்குக்காக நாமக்கல் வரை கொண்டுபோய் விடுதியில் விடும் பெற்றோர் உண்டு. அப்படி உழைத்துப் பெற்ற ரேங்க்கைக் கல்லூரியாக மாற்றித் தரும் பட்டியலுக்கு மட்டும் ஒரே ஒரு சாயங்காலத்தை ஒதுக்குகிறார்கள்.

திரையைப் பார்த்துச் சொன்ன காலம்

தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கையின் விதிகள் பலமுறை மாறியிருக்கின்றன. 1984-இல் மாநில நுழைவுத் தேர்வு வந்தது. 2007 முதல் அது ஒழிந்து பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோலானது. 2017 முதல் நீட். விலக்குக் கேட்டு 2021-இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பியனுப்ப, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தப் பெரிய மாற்றங்களைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. சத்தமில்லாமல் நடந்த இன்னொரு மாற்றத்தைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை: கலந்தாய்வு நேரிலிருந்து இணையத்துக்குப் போனது.

நேரடிக் கலந்தாய்வு என்றால் திண்டுக்கல் குடும்பங்கள் ராத்திரி ரயிலேறி, விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும். கொரோனா காலமான 2020 நவம்பரில் அது சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. தரவரிசைப்படி பெயரைக் கூப்பிடுவார்கள். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதி என்பது எதிரே திரையில் தெரியும். அதைப் பார்த்து ஒரு கல்லூரியின் பெயரைச் சொன்னால் போதும். அலைச்சலும் செலவும் அதிகம்தான். ஆனால் குழப்பம் குறைவு. இருப்பதில் எது வேண்டும் என்ற ஒரே கேள்விக்குத்தான் அங்கே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது பொதுக் கலந்தாய்வு முழுவதும் இணையத்தில். ரயில் செலவு மிச்சம். ஆனால் மாணவரின் முறை வரும்போது எது மீதியிருக்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே, எப்படிப்பட்ட நிலை வந்தாலும் எது வேண்டும் என்பதை முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பும்போது, “முருங்கைக்காய் இருந்தா அது, இல்லாட்டி கத்திரிக்காய், அதுவும் இல்லாட்டி வெண்டைக்காய்” என்று சீட்டு எழுதிக் கொடுப்போமே, விருப்பப் பட்டியலும் அப்படி ஒரு சீட்டுதான். முருங்கைக்காயை முதலில் எழுதியதற்காக எந்தக் கடைக்காரரும் கோபித்துக்கொண்டு கத்திரிக்காயைத் தர மறுக்க மாட்டார்.

கணினி என்ன செய்கிறது?

விருப்பங்களைப் பதியும் சாய்ஸ் ஃபில்லிங் முடிந்து பட்டியல் பூட்டப்பட்ட பிறகு மென்பொருள் தரவரிசையில் முதல் மாணவரிடமிருந்து தொடங்குகிறது. அவருடைய பட்டியலின் முதல் வரியைப் பார்த்து, இடம் இருந்தால் கொடுக்கிறது. பிறகு இரண்டாமவர், மூன்றாமவர் என இறங்கி வருகிறது. ஒருவரின் முறை வரும்போது அவருக்குப் பின்னால் நிற்கும் யாருக்கும் இன்னும் எந்த இடமும் போயிருக்காது. இதைப் புரிந்துகொண்டாலே பாதி பயம் தீர்ந்துவிடும்.

வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிற்படுத்தப்பட்ட வகுப்பு. சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, மதுரை, திருச்சி, திண்டுக்கல், தேனி என்று எழுதியிருக்கிறார். அவர் முறை வந்ததும் மென்பொருள் முதல் வரியைப் பார்க்கிறது. சென்னையில் பொதுப்பிரிவில் இடமில்லை, பிற்படுத்தப்பட்டோர் பிரிவிலும் இல்லை. அடுத்த வரி. ஸ்டான்லியிலும் இல்லை. அடுத்த வரி. மதுரையில் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது. கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. சென்னையையும் ஸ்டான்லியையும் மேலே எழுதியதால் அவர் இழந்தது எதுவுமில்லை.

இதே மாணவி பயந்துபோய் திண்டுக்கல்லை முதல் வரியில் வைத்திருந்தால்? மென்பொருள் முதல் வரியிலேயே திண்டுக்கல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றிருக்கும். மதுரையில் அவருக்கான இடம் காலியாக இருக்கிறதே என்று எட்டிப்பார்க்காது. அந்த இடம் தரவரிசையில் அவருக்குப் பின்னால் இருக்கும், மதுரையை மேலே எழுதிய யாரோ ஒருவருக்குப் போயிருக்கும்.

எனவே பட்டியலின் மேல்பகுதியில் கணக்குப் போட எதுவுமில்லை. எது உண்மையிலேயே முதலில் வேண்டுமோ அதை முதலில் எழுத வேண்டும், அவ்வளவுதான். கவனம் வேண்டியது கீழ்ப்பகுதியில். “மேலே இருக்கிற நாலில் ஒண்ணு எப்படியும் கிடைச்சிரும்” என்ற நம்பிக்கையில் பட்டியலைச் சுருக்கமாக முடித்துக்கொள்பவர்களுக்குத்தான் ஆபத்து. அந்த நான்கும் போய்விட்டால் மென்பொருளுக்குப் பார்க்க வேறு வரி இருக்காது. அந்தச் சுற்றில் அந்த மாணவர் வெறும் கையோடு நிற்பார். அரசுக் கல்லூரி எங்கே கிடைத்தாலும் போவேன் என்று சொல்கிறவர் மாநிலத்திலுள்ள 36 அரசு மருத்துவக் கல்லூரிகளையும் எழுதிவிடுவது நல்லது. நாகர்கோவில் முதல் நீலகிரி வரை எழுத அரைமணி நேரம் கூடுதலாக ஆகும். ஆகட்டும்.

பயம் எங்கிருந்து வந்தது?

பெற்றோரின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. உலகில் சில சேர்க்கை முறைகளில் அந்தப் பயம் முற்றிலும் நியாயமாக இருந்திருக்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் 2005 வரை ஒரு முறை நடப்பில் இருந்தது. ஒரு பள்ளியை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்குத்தான் முதலில் இடம். அதன் பிறகு மீதி இருந்தால்தான் இரண்டாவதாக எழுதியவர்களின் பக்கம் திரும்புவார்கள். பெரிய பள்ளிக்கு ஆசைப்பட்டு முதல் வரியைச் செலவழித்தவர், இரண்டாவது பள்ளியையும் இழந்து நின்றார். விவரம் தெரிந்த பெற்றோர் சூழ்ச்சியாக எழுதினார்கள். தெரியாதவர்களின் பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள். பொருளியல் அறிஞர்கள் இந்த அநியாயத்தை எடுத்துக்காட்டிய பிறகு பாஸ்டன் அந்த முறையைக் கைவிட்டது. சீனாவின் கல்லூரிச் சேர்க்கையிலும் வெகுகாலம் முதல் விருப்பம் தவறினால் பெரிய சரிவுதான். மாகாணங்கள் ஒவ்வொன்றாக அதை மாற்றின.

இரு தரப்பின் விருப்பங்களையும் வைத்து, பிறகு யாரும் மாற்றிக்கொள்ள முனையாதபடி இடங்களை நிலையாகப் பொருத்த முடியுமா என்ற கேள்வியைக் கணித அறிஞர்கள் டேவிட் கேலும் லாயிட் ஷேப்லியும் 1962-இல் ஒரு சிறு ஆய்வுக் கட்டுரையில் ஆராய்ந்தார்கள். அமெரிக்காவில் படித்து முடித்த டாக்டர்களை மருத்துவமனைப் பயிற்சி இடங்களில் சேர்க்கும் முறையை அந்த வழியில் சீர்செய்தவர் ஆல்வின் ராத். ஷேப்லிக்கும் ராத்துக்கும் 2012-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. நம்முடைய கலந்தாய்வு இதைவிட எளிமையானது. இங்கே கல்லூரிகள் மாணவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. தரவரிசை ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அப்படிப்பட்ட முறையில் மனதில் இருப்பதை அப்படியே எழுதுவதுதான் சிறந்த உத்தி என்பது நிரூபிக்கப்பட்ட கணக்கு.

கடல்கடந்து இலங்கையிலும் நிலைமை நமக்கு நெருக்கமானது. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை வைத்து, 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் தகுதிக்கும் 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும் 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. கொழும்பு மருத்துவ பீடமா, பேராதனையா, 1978-இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடமா என்று விருப்ப வரிசை எழுதும் வீடுகளிலும் இதே விவாதம்தான். இங்கிலாந்தில் கதை வேறு: மருத்துவத்துக்கு அதிகபட்சம் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம், அங்கே வரிசையே கிடையாது. எந்த நான்கு என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். லண்டனிலிருக்கும் சித்தப்பா சொல்லும் யோசனை திண்டுக்கல் பிள்ளைக்குப் பொருந்தாது.

திண்டுக்கல்லின் 150 இடங்கள்

மாவட்டமாகப் பிரிந்தது 1985-இல். மருத்துவக் கல்லூரி வர அதன்பின் 36 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2022 ஜனவரி 12 அன்று பிரதமர் மோடி காணொலி வழியாகத் திறந்துவைத்த 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. விருதுநகர், ராமநாதபுரம், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், கிருஷ்ணகிரி, நாகப்பட்டினம், அரியலூர், கள்ளக்குறிச்சி, திருவள்ளூர் ஆகியவை மற்ற பத்து. ஒரே நாளில் 1,450 இடங்கள் கூடின. அதில் திண்டுக்கல்லின் பங்கு 150.

150 என்றதும் பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் அதில் 15 சதவீதம், அதாவது 22 அல்லது 23 இடம், அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் ஏறத்தாழ பத்து இடம். எஞ்சிய இடங்களில்தான் 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி பகுப்பு: பிற்படுத்தப்பட்டோருக்கு முப்பதுக்குச் சற்று மேல், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு இருபத்துச் சொச்சம், பட்டியல் சாதியினருக்குப் பதினெட்டு வரை, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு நான்கு, அருந்ததியருக்கு மூன்று அல்லது நான்கு, பழங்குடியினருக்கு ஒன்று. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒருவர் சேர்வதும் சேராததும் பின்னால் நிற்பவரின் தலைவிதியையே மாற்றும். “போன வருஷம் இந்த மார்க்குக்குத் திண்டுக்கல் கிடைச்சுச்சே” என்ற கணக்கு சிறிய பிரிவுகளில் பொய்த்துப்போவதற்கு இதுதான் காரணம்.

மார்க்கை வைத்துப் பேசுவதே ஆபத்து. 2024-இல் நீட் முதல் முடிவில் 67 பேர் 720-க்கு 720 எடுத்திருந்தார்கள். திருத்தப்பட்ட முடிவில் அது 17 ஆனது. 2025-இல் இயற்பியல் பகுதி மிகவும் கடினம், நாட்டிலேயே முதலிடம் பெற்றவர் எடுத்தது 686. முந்தைய வருட கட் ஆஃப் மார்க்கை எடுத்துவைத்துக்கொண்டு 2025-இல் கணக்குப் போட்டவர்கள், தங்கள் பிள்ளைக்கு எதுவுமே கிடைக்காது என்று வீணாகக் கலங்கினார்கள். பழைய கட் ஆஃப் பார்க்க வேண்டும் என்றால் மாநிலத் தரவரிசை எண்ணையும் சமூகப் பிரிவுக்குள் உள்ள ரேங்க்கையும் பார்க்க வேண்டும். அதையும் எதிர்பார்ப்பை அமைத்துக்கொள்ள மட்டுமே பயன்படுத்த வேண்டும். வரிசையை மாற்ற அதற்கு உரிமை கிடையாது.

எது உண்மையில் மேலே?

மனதில் உள்ளதை எழுது என்றால், மனதில் என்ன இருக்க வேண்டும்? இங்குதான் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

மதுரை மருத்துவக் கல்லூரி 1954-இல் தொடங்கியது. 250 இடம். அதோடு இணைந்த ராஜாஜி மருத்துவமனை தென்மாவட்டங்களுக்கே பெரியாஸ்பத்திரி. நத்தத்தில் விபத்தில் சிக்கியவருக்கு மூளையில் ரத்தக்கசிவு என்றால், சிக்கலான பிரசவம் என்றால், 108 ஆம்புலன்ஸ் கடைசியில் போய் நிற்பது பல நேரங்களில் அங்கேதான். புதிய கல்லூரியில் படிக்கும் மாணவர் நோயாளி ரெஃபர் ஆகிப் போவதைப் பார்க்கிறார். மதுரையில் படிப்பவர் அந்த நோயாளிக்கு அடுத்து என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்கிறார். ஐந்தரை வருடத்தில் இது பெரிய வித்தியாசம். உயர்சிறப்புத் துறைகள், மூத்த பேராசிரியர்கள், முதுநிலை மாணவர்கள் நிறைந்த வார்டுகள் என்று பழைய கல்லூரிகளான சென்னை, ஸ்டான்லி, மதுரை, கோவை, தஞ்சாவூர், திருநெல்வேலி ஆகியவற்றுக்கு உள்ள பலம் கட்டடத்தால் வருவதில்லை.

திண்டுக்கல்லின் முதல் அணி வகுப்புக்கு வந்தது 2022 பிப்ரவரியில். நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் முடித்து அவர்கள் வெளியே வருவது கணக்குப்படி 2027-இல். ஒரு கல்லூரி தன் மரபை உருவாக்க இது போதிய காலம் இல்லை. அதே நேரம் புதிய கல்லூரிக்கென்று நல்ல பக்கமும் இருக்கிறது. கூட்டம் குறைந்த வார்டில் ஊசி போடவும் தையல் போடவும் மாணவருக்கே வாய்ப்பு வரும். முதுநிலை மருத்துவர்களின் பின்னால் மூன்றாவது வரிசையில் நின்று எட்டிப்பார்க்க வேண்டியதில்லை.

எனவே மதுரையா திண்டுக்கல்லா என்றால், மதுரை மேலே வருவதே நியாயம். 65 கிலோமீட்டர்தான், சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் திண்டுக்கல்லா, தேனியா, சிவகங்கையா, விருதுநகரா என்றால் அந்த அளவுக்கு வித்தியாசம் காட்ட முடியாது. அங்கே வீட்டுச் சாப்பாடு, பஸ் வசதி, விடுதிச் செலவு, அம்மாவின் உடல்நிலை எல்லாம் தாராளமாகத் தீர்மானிக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெயரை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை எய்ம்ஸ் ஒரு உதாரணம். தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2022-இல் முதல் அணியாக 50 மாணவர்கள் சேர்ந்தபோது தோப்பூரில் கட்டடமே இல்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் வகுப்புகள் நடந்தன. எய்ம்ஸ் என்று எழுதிய பிள்ளை ராமநாதபுரத்தில் பெட்டியை இறக்கினார். அப்படித் தேர்ந்தெடுத்ததைத் தவறு என்று சொல்ல முடியாது. எழுதும் முன் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். மறுபக்கம், வதந்தியைக் கேட்டும் வரிசையை மாற்றக் கூடாது. 2023 மே மாதம் கண்காணிப்பு கேமரா, பயோமெட்ரிக் வருகைப்பதிவு ஆகிய குறைகளைக் காரணம் காட்டி ஸ்டான்லி, திருச்சி, தர்மபுரி கல்லூரிகளின் அங்கீகாரத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் நிறுத்தியது. சில வாரங்களில் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. அந்தச் செய்தியைப் பாதியோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஸ்டான்லியைக் கீழே தள்ளியிருந்தால் இழப்பு அவர்களுக்குத்தான்.

பெண் பிள்ளை என்றால் மட்டும் ஏன் பக்கத்து ஊர்?

மகனுக்குப் பட்டியல் எழுதும்போது சென்னையிலிருந்து தொடங்குகிற அதே குடும்பம், மகளுக்கு எழுதும்போது கிலோமீட்டரைக் கணக்குப் பார்க்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி வளாகங்களில் மாணவியருக்கென்று விடுதி இருக்கிறது. அப்படியிருந்தும் மகள் வாங்கிய ரேங்க்கைத் தூரத்துக்கு விலையாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்த மாவட்டத்துக்கு இதற்கான பதில் ரொம்பக் காலத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். விதவைப் பெண் வாசலைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்த காலத்தில் டெல்லி லேடி ஹார்டிங்கே மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் படித்து, 1936-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1947-இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். கஸ்தூர்பா மருத்துவமனை அங்கிருந்து வளர்ந்தது. 1962-இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார். டெல்லியில் படித்தவர்தான் ஆத்தூர் வட்டாரக் கிராமங்களுக்கு வைத்தியம் கொண்டுவந்தார். தூரத்தில் படிக்கப் போகும் மகள் ஊருக்கு இல்லாமல் போய்விடுவாள் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை.

பணம் எழுதும் வரிசை

அரசுக் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணம் ஆயிரக்கணக்கில் முடிந்துவிடும். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றாலே நான்கு லட்சத்தைத் தாண்டும். நிர்வாக ஒதுக்கீடு பத்து லட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது இருபது லட்சத்துக்கும் மேல். நிகர்நிலை இடங்களும் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களும் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்தும் தேசிய அளவிலான ஒரே இணையதளத்தில் வருகின்றன. அங்கே ஊரின் பெயரைப் பார்த்து அவசரமாக ‘கிளிக்’ செய்கிறவர், அரசுக் கல்லூரி என்று நினைத்து நிகர்நிலையை எழுதிவிட வாய்ப்புண்டு. மாநிலப் பட்டியலிலும் மதுரை என்ற பெயரில் அரசுக் கல்லூரியும் இருக்கிறது, தனியார் கல்லூரியும் இருக்கிறது. கல்லூரியின் முழுப் பெயரையும் கட்டணப் பத்தியையும் சேர்த்துப் படித்த பிறகே வரியைச் சேர்க்க வேண்டும்.

2020-இல் நடந்ததை மறக்க முடியாது. நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு முதல்முறையாக நடைமுறைக்கு வந்த ஆண்டு அது. 313 எம்.பி.பி.எஸ். இடமும் 92 பல் மருத்துவ இடமும் கிடைத்தன. வரிசையில் பின்னால் வந்தவர்களுக்குச் சுயநிதிக் கல்லூரிகளே மீதி. லட்சக்கணக்கில் கட்டணம் என்றதும் கூலி வேலை செய்யும் பெற்றோர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அரங்கத்தை விட்டு வெளியேறினார்கள். சில நாட்களிலேயே கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அதற்குள் விட்டுப்போனவர்கள் இடத்தைத் திரும்பக் கேட்டு அலைய நேர்ந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து இந்த ஒதுக்கீட்டில் வருகிறவர், கட்டணத்தைப் பார்த்துத் தனியார் கல்லூரிகளை ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இன்றும் சில கிராமங்களுக்கு இந்தச் செய்தி முழுசாகப் போய்ச் சேரவில்லை.

மற்றவர்களுக்கு விதி நேரெதிர். கட்ட முடியாத கட்டணம் உள்ள கல்லூரியை, சும்மா இருக்கட்டும் என்று கடைசி வரியில்கூட எழுதக் கூடாது. எழுதினால் கிடைத்துவிடக்கூடும்.

இரண்டாம் சுற்று

முதல் சுற்றில் திண்டுக்கல் கிடைத்த மாணவர் இரண்டாம் சுற்றில் மேலே போக முயலலாம். அப்போது எழுதும் பட்டியலில் திண்டுக்கல்லைவிட உண்மையாகவே பிடித்த கல்லூரிகள் மட்டும்தான் இருக்க வேண்டும். புதிய இடம் ஒதுக்கப்பட்டால் பழைய இடம் தானாகவே ரத்தாகிவிடும். அது அடுத்தவருக்குப் போய்விடும். “எதுக்கும் இருக்கட்டும்” என்று திண்டுக்கல்லைவிட விருப்பம் குறைந்த ஒரு கல்லூரியைச் சேர்த்தால், கையிலிருக்கும் இடத்தைத் தானே இழக்க நேரும். அகில இந்தியக் கலந்தாய்வில் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக விருப்பம் பதிய வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பழைய பட்டியல் அப்படியே தொடரும் என்று காத்திருந்துவிடுகிறார்கள். எந்தச் சுற்று வரை, கலந்தாய்வுக்குக் கட்டிய முன்பணம் போகாமல் விலகலாம், எதற்குப் பிறகு ஓர் இடத்தில் சேர்ந்தவர் மற்ற கலந்தாய்வில் கலந்துகொள்ள முடியாது என்ற விதிகளை அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் படித்துத்தான் ஆக வேண்டும். போன வருடம் படித்த அண்ணன் சொல்லும் விதி இந்த வருடம் மாறியிருக்கலாம்.

சேர மனமில்லாத கல்லூரியை எழுதி, இடம் கிடைத்ததும் போகாமல் இருந்துவிடுவதால் ஒரு குடும்பத்துக்கு முன்பண நஷ்டம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 2021-22 முதல் அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரம்பாத இடங்கள் மாநிலத்துக்குத் திரும்புவதில்லை. 2023-இல் தமிழ்நாட்டில் அப்படிச் சில எம்.பி.பி.எஸ். இடங்கள் காலியாகவே போயின. மாநில அரசு அவற்றைத் திருப்பிக் கேட்டும் பலனில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரு இடத்துக்காக ஏங்கும் நாட்டில், அரசுக் கல்லூரியில் ஒரு நாற்காலி ஐந்தரை வருடம் காலியாகக் கிடப்பது பொறுத்துக்கொள்ளக்கூடிய விஷயமா?

ஐ.ஐ.டி. சேர்க்கைக்கான ஜோசா கலந்தாய்வில் மாதிரி ஒதுக்கீடு வெளியிடுகிறார்கள். இப்படி எழுதினால் இது கிடைக்கும் என்று பார்த்துவிட்டுப் பட்டியலைத் திருத்திக்கொள்ளலாம். மருத்துவக் கலந்தாய்விலும் அப்படியோர் ஒத்திகை நிரந்தரமாக வேண்டும். பொறியியல் கலந்தாய்வுக்கு மாவட்டந்தோறும் சேவை மையங்கள் இருக்கின்றன. மருத்துவத்துக்கும் அதே ஏற்பாட்டைச் செய்ய இன்று கட்டடம்கூடத் தேட வேண்டியதில்லை; 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. திண்டுக்கல் கல்லூரியில் இப்போது படிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் சமீபத்தில் இதே பட்டியலை எழுதி வந்தவர்கள். சாய்ஸ் ஃபில்லிங் நடக்கும் வாரத்தில் அவர்களில் பத்துப் பேர் மாலை நேரத்தில் உட்கார்ந்து, மாணவரின் சொந்த செல்போன் எண்ணுக்கே ஓ.டி.பி. வருகிறதா, வரிசை சரியா, கட்டணப் பத்தியைப் படித்தார்களா, பூட்டிய பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டார்களா என்று பார்த்துக் கொடுக்கலாம். கல்லூரி முதல்வரும் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரும் கலந்து பேசி முடிவெடுத்தால், அடுத்த கலந்தாய்வுக்கே இதைத் தொடங்கிவிடலாம்.